நாம், நாங்கள், தனி

பல வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாத இரவு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் கடைசி பஸ். குஞ்சப்பனை தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. விளக்கு வெளிச்சம் பனியில் பட்டு ஒரு வெள்ளைச் சுவராகத் திரும்பி வந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். கண்டக்டர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கி, பள்ளத்துப் பக்கமாகச் சாலையின் ஓரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அசைந்துகொண்டே போன அந்தச் சிறு மஞ்சள் வெளிச்சத்தின் பின்னால் பஸ் ஊர்ந்தது. உள்ளே நாற்பது பேர் இருந்தோம். யாரும் பேசவில்லை. அரவேணுவில் டீக்கடை முன் வண்டி நின்றபோது ஒரு பெரியவர் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எங்க உயிரெல்லாம் இன்னிக்கு உங்க ஒருத்தர் கையிலதாங்க இருந்துச்சு’ என்றார். டிரைவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ‘நான் எங்கீங்க ஓட்டுனேன்? அவரு நடந்தாரு, நான் பின்னால போனேன்’ என்றார். கண்டக்டர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: ‘ரோட்டு ஓரம் எனக்குத் தெரிஞ்சுது. பின்சக்கரம் எங்க வரும்னு அவருக்குத்தான் தெரியும்.’

அன்று இதை வெறும் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். இன்று அப்படித் தோன்றவில்லை. ஒரு செயலைச் செய்தது யார் என்ற கேள்விக்கு அந்த இருவரும் சரியான கணக்குச் சொன்னார்கள். தவறான கணக்குச் சொன்னவர், நன்றியின் மிகுதியில்தான் என்றாலும், அந்தப் பெரியவர். ‘ஒருத்தர் கையில’ என்றார் அவர். நாம் அத்தனை பேரும் அவர் கட்சிதான். ஒரு பெரிய காரியம் நடந்தால் அதை ஒருவர் தலையில் வைத்துப் பார்க்காமல் நமக்குத் திருப்தி ஏற்படுவதில்லை. ‘தனியாக’ என்ற ஒற்றைச் சொல்லில் அப்படி என்ன இருக்கிறது என்பதுதான் இங்கு என் விசாரம்.

இதற்கு அட்லாண்டிக் சமுத்திரத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. நடுவில் எங்கும் இறங்காமல் அதை விமானத்தில் முதலில் கடந்தவர் யார் என்று கேட்டால் படித்தவர்களிலும் பெரும்பாலோர் லிண்ட்பெர்க் என்பார்கள். அது சரியல்ல. 1919 ஜூன் மாதத்தில் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு அயர்லாந்தின் ஒரு சதுப்பு நிலத்தில் மூக்குக் குத்தி இறங்கினார்கள். லிண்ட்பெர்க் பறந்தது அதற்கு எட்டு வருஷங்கள் கழித்து, 1927 மே 20, 21 தேதிகளில். நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை, சுமார் 5,800 கிலோமீட்டர், முப்பத்து மூன்றரை மணி நேரம். தூரம் அதிகம் என்பது உண்மை. ஆனால் உலகம் அவரைக் கொண்டாடியதற்குக் காரணம் தூரம் அல்ல. அவர் ஒருவராகப் போனார். ஆல்காக்கும் பிரவுனும் இருவராக இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். புகழ் இருவரிடம் போனால் பாதியாகும் என்பதில்லை. பல சமயம் கரைந்தே போய்விடுகிறது.

லிண்ட்பெர்க் புறப்படுவதற்குப் பன்னிரண்டு நாட்கள் முன்பு, மே 8ந் தேதி, பாரிஸிலிருந்து நியூயார்க்கை நோக்கி நன்ஜெஸ்ஸர், கோலி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பினார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு நிச்சயமான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அதே சமுத்திரம், அதே பரிசு, அதே துணிச்சல். அனுபவத்தை எடுத்துக்கொண்டால் அவர்களுடையது ஒருபடி அதிகம். அவர்கள் கடந்திருந்தால் ‘இருவர் கடந்தனர்’ என்பது செய்தியாகியிருக்கும். லிண்ட்பெர்க் மறைந்துபோயிருந்தால் அவரை முட்டாள் என்றிருப்பார்கள். புறப்படும் முன்பே அப்படிச் சொன்னவர்களும் உண்டு. துணிச்சலுக்கும் முட்டாள்தனத்துக்கும் நடுவே கோடு போட்டது அந்த இரண்டு நாட்களின் காற்றும் மேகமும். பின்னாலிருந்து பார்க்கிற நமக்கு அது மனோதிடமாகத் தெரிகிறது.

தனியாகப் போவது லிண்ட்பெர்க்குக்கு ஒரு தத்துவம் அல்ல, கணக்கு. இன்னொரு ஆள் என்றால் அவர் எடைக்கு ஈடான பெட்ரோலை விட்டுவிட வேண்டும். அதே கணக்கில் ரேடியோவை விட்டார், பாராசூட்டை விட்டார். பெரிய பெட்ரோல் தொட்டி எதிரே இருந்ததால் நேர் முன்னால் பார்க்க ஜன்னல் கிடையாது. பக்கவாட்டில் எட்டிப்பார்க்க வேண்டும், அல்லது பெரிஸ்கோப் வழியாக. பிரம்பு நாற்காலி ஒன்று. சாப்பிட ஐந்து சாண்ட்விச். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய் கடைசியில் எஞ்சியது ஒரு மனிதன் என்று நினைக்கத் தோன்றும். அந்தச் சித்திரத்தில் ஒரு துறவியின் சாயல் இருக்கிறது. நம் கவர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அவரால் கழிக்க முடியாத ஒன்று அங்கே இருந்தது. மலையில் வாழ்கிறவர்களுக்கு அதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அடர்ந்த பனிக்குள் நிற்கும்போது எது மேடு, எது சரிவு என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, காலுக்குத் தெரிகிறது. ஆகாயத்தில் கால் ஊன்ற இடமில்லை. மேகத்துக்குள் போன விமானி தன் உடம்பை நம்பினால் அழிந்தான். காதின் உட்புறத்திலிருக்கும் சமநிலை உறுப்பு, மெதுவான திருப்பத்தை உணர்வதில்லை. சாய்ந்துகொண்டே போகிறவனுக்கு நேராகப் போவதாகவே சொல்லும். கருவியைப் பார்த்து அவன் விமானத்தை நிமிர்த்தினால், இப்போதுதான் சாய்கிறாய் என்று எச்சரிக்கும். அந்தக் கணத்தில் விமானி தன் சொந்த உடம்பின் சாட்சியத்தைத் தள்ளிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஒரு முள்ளை நம்ப வேண்டும். லிண்ட்பெர்க் அட்லாண்டிக் மேல் இரவில் மேகங்களுக்குள் செய்தது இதைத்தான். முதல் நாள் இரவும் அவர் தூங்கியிருக்கவில்லை. தன் கண் மூடுவதைத் தானே தடுக்க முடியாத நிலையில், முள்ளைப் பார்த்து ஓட்டினார்.

அந்த முள் என்பது என்ன? வேறு சில மனிதர்கள். சுழலும் சக்கரம் தன் அச்சை விட்டு அசைய மறுக்கும் என்று கண்டவர்கள், அதைக் கருவியாக்கியவர்கள், பட்டறையில் உட்கார்ந்து அதைச் சரிபார்த்தவர்கள். ஸான் டியேகோவில் ரயன் கம்பெனியின் தொழிலாளிகள் டொனால்ட் ஹால் என்ற இஞ்சினியரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு சுமார் அறுபது நாட்களில் அந்த விமானத்தைக் கட்டினார்கள். அவர்களில் யாராவது ஒருவர் ஒரு மரையைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தால் தனிமை, வீரம், சரித்திரம் எல்லாம் அந்த மரையோடு கழன்றிருக்கும். தன் புலன்களையே நம்பாமல் பிறர் செய்ததை நம்புவது என்பது தனிமையின் நேர் எதிர். உலகத்திலேயே மிகத் தனியாக இருந்த அந்த மனிதன், உலகத்திலேயே மிக அதிகமாகப் பிறரைச் சார்ந்தும் இருந்தான்.

அயர்லாந்தை நெருங்கும்போது கடலில் மீன்பிடிப் படகுகளைக் கண்டதும் லிண்ட்பெர்க் தாழப் பறந்து, அயர்லாந்து எந்தப் பக்கம் என்று கத்திக் கேட்டார். பதில் வரவில்லை. இந்தப் பிரயாணம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சமுத்திரத்தைத் தனியாகக் கடக்கிறவன் வழி கேட்கிறான். டவுன் பஸ் ஸ்டாண்டில் நாம் கேட்பது போல.

பாரிஸில் இறங்கியபோது ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். அதே வருஷம் அவர் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பு ஆங்கிலத்தில் ஒரே சொல்: ‘வீ’. தனியாகப் போனவன் பன்மையில் தலைப்பு வைக்கிறான். பத்திரிகைகள் இதை விமானியும் விமானமும் என்று அர்த்தப்படுத்திக்கொண்டன. இயந்திரத்தோடு ஒன்றிப்போன மனிதன் என்பது அந்தக் காலத்துக்கு வெகு இனிப்பான கற்பனை. லிண்ட்பெர்க் அதை மறுத்தார். தனக்குப் பணம் கொடுத்து ஆதரித்த செயின்ட் லூயிஸ் நகரப் பிரமுகர்களையும் தன்னையும் சேர்த்தே அப்படிச் சொன்னதாகக் கூறினார்.

இதைத் தமிழில் மொழிபெயர்க்க உட்காருகிறவன் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வான். ஆங்கிலத்துக்குத் தேவைப்படாத ஒரு தீர்மானம் தமிழில் தேவைப்படுகிறது: நாமா, நாங்களா? கேட்கிறவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் நாம். அவனை வெளியே நிறுத்திவிட்டால் நாங்கள். தெலுங்கிலும் மனமு, மேமு என்று இந்தப் பேதம் உண்டு. ஹிந்திக்காரர்களுக்கு ‘ஹம்’ ஒன்றே போதும். லிண்ட்பெர்க் கொடுத்த விளக்கத்தின்படி அந்தத் தலைப்பு சந்தேகமில்லாமல் ‘நாங்கள்’. நானும் எனக்குப் பணம் போட்டவர்களும். கடன் பட்டவன் கடன் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்கிறான், அது நேர்மைதான். ஆனால் படகில் இருந்த மீனவர்கள் அதில் இல்லை. நன்ஜெஸ்ஸரும் கோலியும் இல்லை. படிக்கிற நீங்களும் நானும் இல்லை.

நம் மொழி இப்படி ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு வேலி போடச் சொல்கிறது, அல்லது எடுக்கச் சொல்கிறது. இலக்கணத்தில் இதைப் பத்து வயதில் படித்துவிட்டு மறந்துபோகிறோம். இது ஒரு தார்மீகப் பிரச்னையாகவும் இருக்கலாம் என்பதற்கு நம் நாட்டு விமானிகளின் கதை ஒன்று இருக்கிறது.

1929ன் இறுதியில் ஆகாகான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எந்தத் திசையிலானாலும் சரி, தனியாக விமானம் ஓட்டி ஒரு மாதத்துக்குள் சென்றடையும் முதல் இந்தியருக்கு ஐந்நூறு பவுன். இது சமுத்திரப் பயணம் அல்ல. மத்தியதரைக் கடலும் பாலைவனங்களும்தான் வழி. ஆனால் நான்கு சிலிண்டர் இஞ்சின் வைத்த, தலைக்கு மேல் கூரையில்லாத ஜிப்ஸி மாத் விமானத்தில், ரேடியோ இல்லாமல் போகிறவனுக்கு மணலும் தண்ணீரும் ஒன்றுதான். மூன்று பேர் இறங்கினார்கள். மன்மோகன் சிங், ஆஸ்பி இஞ்சினியர், ஜே.ஆர்.டி. டாட்டா.

மன்மோகன் சிங் தன் விமானத்துக்கு ‘மிஸ் இந்தியா’ என்று பெயர் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் அந்த ‘மிஸ்’ஸுக்குத் தவறவிடுவது என்றும் பொருள் உண்டு. வழி தவறுவதில் பேர் போன அவர் இந்தியாவையே தவறவிட்டாலும் விடுவார் என்று லண்டன் விமானப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் கிண்டல் செய்தார். மன்மோகன் சிங் இந்தியாவைத் தவறவிடவில்லை. தனியாக அந்த வழியைப் பறந்து முடித்த முதல் இந்தியர் அவரே. ஆனால் ஒரு மாதக் கெடுவைத் தாண்டிவிட்டதால் பரிசு இல்லை. முதலில் வந்தவர் முதல்வர் அல்ல என்று விதி சொல்லிற்று. பிற்பாடு அவர் விமானப்படையில் சேர்ந்து, 1942 மார்ச் 3ந் தேதி ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் நடந்த ஜப்பானியத் தாக்குதலில் இறந்துபோனார்.

ஆஸ்பி இஞ்சினியருக்கு அப்போது வயது பதினேழு. அந்த 1930ம் வருஷ ஆரம்பத்தில் அவரும் ஆர்.என். சாவ்லா என்பவரும் சேர்ந்து இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரே விமானத்தில் பறந்து போயிருந்தார்கள். அதுவும் இந்தியரில் முதல் சாதனைதான். ஆனால் இருவர் என்பதால் பரிசுக்கு உரியதல்ல. போகும்போது சாவ்லாவும் ஆஸ்பியும். திரும்பும்போது ஆஸ்பி மட்டும். பரிசு திரும்பி வந்ததற்கு. சாவ்லாவின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இன்று எத்தனை பேர்?

டாட்டா எதிர்த்திசையில், கராச்சியிலிருந்து லண்டனை நோக்கிக் கிளம்பினார். 1930 மே மாதம். எகிப்தில் அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் பக்கத்தில் அபூகிர் என்ற விமானத் தளத்தில் டாட்டா இறங்கியபோது, அங்கே ஆஸ்பி நின்றுகொண்டிருந்தார். இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும். மாற்று பிளக் கொண்டு வரவில்லை. வரவழைத்துக் காத்திருந்தார். டாட்டாவிடம் உபரி பிளக்குகள் இருந்தன. கொடுத்துவிட்டார். ஒருவர் கிழக்கே போனார், ஒருவர் மேற்கே போனார். ஆஸ்பி கராச்சியை அடைந்தபோது டாட்டா பாரிஸ் வரைதான் போயிருந்தார். பரிசு ஆஸ்பிக்கு.

இந்தச் சம்பவத்தை விளையாட்டு வீரனின் பெருந்தன்மை என்று பள்ளிப் புத்தகத் தொனியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தத் தொனியில் எனக்கு நம்பிக்கையில்லை. முதலில் எதிர்வாதங்களைப் பார்த்துவிட வேண்டும்.

ஒன்று: டாட்டா பணக்காரர். ஐந்நூறு பவுன் அவருக்கு ஒரு பொருட்டல்ல. இழக்க வலிக்காததை இழப்பது என்ன அறம்? இது கெட்டிக்காரத்தனமான வாதம், ஆனால் பந்தயம் ஓடுகிறவனின் மனதைத் தெரியாத வாதம். பந்தயத்தில் வேண்டப்படுவது பணம் அல்ல, முதல் என்ற சொல். அதன் மேலுள்ள பசி பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவுதான். சொல்லப்போனால், மற்றதெல்லாம் கிடைத்துவிட்டவனுக்கு அது கூடுதலாகவே இருக்கலாம்.

இரண்டு: கொடுத்தது உபரியிலிருந்துதானே? தன் இஞ்சினிலிருந்து கழற்றிக் கொடுக்கவில்லையே? இதற்குப் பதில் சொல்ல, உபரி என்ற சொல் எங்கே உச்சரிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் உபரி என்பது மிச்சம். தனியாகக் கடலுக்கு மேல் போகிறவனுக்கு உபரி என்பது ஆயுள். மாற்று பிளக் இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் அவர் கண் எதிரே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார். அவருக்கு எதிரே மத்தியதரைக் கடல் இருந்தது.

மூன்றாவது வாதம் கனமானது. டாட்டா கொடுக்காமல் போயிருந்தால் யார் குற்றம் சொல்லியிருப்பார்கள்? யாரும் இல்லை. விதியில் அப்படி ஒன்றும் இல்லை. ஆஸ்பி வரவழைத்த பிளக் என்றைக்காவது வந்திருக்கும்; யாருக்கும் உயிர் போயிருக்காது. கொடுப்பது கடமை இல்லையென்றால் கொடுத்தது வெறும் அலங்காரம் ஆகாதா? நம் மரபில் அலங்காரக் கொடை நிறைய உண்டு. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை எண்ணிப் பாருங்கள். முல்லைக்குத் தேர் தேவையில்லை. ஒரு காய்ந்த கொம்பு போதும். பாரியின் கொடையில் பெறுவதைவிடக் கொடுப்பவனே பெரிதாகத் தெரிகிறான். தேர் நிற்கிறது, பாட்டு பிறக்கிறது, முல்லையை யாரும் அப்புறம் விசாரிப்பதில்லை. அபூகிரில் நடந்தது இதற்கு மாறானது. தேவை பிளக், கொடுத்தது பிளக். கைக்குள் அடங்குகிற, எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த ஒரு சாமான். தேவைக்கு ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த அளவில்தான் அலங்காரத்துக்கு இடமில்லாமல் போகிறது.

கடமையும் இல்லை, அலங்காரமும் இல்லை என்றால் அது என்ன? அந்த இடத்தில் டாட்டா தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய கேள்வி, அவர் எந்த மொழியில் சிந்தித்தாலும், தமிழின் கேள்விதான்: இவனும் நானும் நாமா, அல்லது இவன் வேறு, நாங்கள் வேறா? பந்தயம் என்ற ஏற்பாடு இரண்டாவதைச் சொல்கிறது. அந்த ஏற்பாட்டை அவர் முறிக்கவில்லை. பிளக்கைக் கொடுத்த பிறகும் ஜெயிக்கத்தான் பறந்தார். போட்டியாளனாகவே நின்றுகொண்டு, போட்டியாளனை ‘நாம்’ என்பதற்குள் கொண்டு வந்தார். ஆஸ்பி ஜெயித்ததில் தனக்கு மகிழ்ச்சிதான், அது அவர் விமானப்படையில் சேர உதவியது என்று பிற்காலத்தில் டாட்டா சொன்னார். ஆஸ்பி இஞ்சினியர் 1960லிருந்து 1964 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். ஆனால் விளைவை வைத்துச் செயலை நியாயப்படுத்த நான் விரும்பவில்லை. லிண்ட்பெர்க் விஷயத்தில் தவறு என்று சொன்னதை இங்கே மட்டும் சரி என்று சொல்ல முடியாது. ஆஸ்பி மறுநாளே விமானம் ஓட்டுவதை விட்டிருந்தாலும் அபூகிரில் நடந்தது அதுவேதான்.

தனிமையின் மதிப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு இப்போது ஓரளவு தெரிகிறது. யாரும் உதவவில்லை என்பதில் அல்ல. அது எப்போதும் பொய். ‘நாம்’ என்ற வட்டத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதை யாரும் சொல்லித்தராத, யாரும் கண்டிக்காத ஓர் இடத்தில் ஒருவன் தானே போட வேண்டியிருக்கிறது என்பதில் இருக்கிறது. கூட்டத்தில் இருக்கிறவனுக்கு அந்த வட்டத்தைக் கூட்டமே போட்டுக் கொடுத்துவிடும். ஜாதி போடும், ஊர் போடும், கட்சி போடும். பாலைவனத்து விமானத் தளத்தில் நிற்பவனுக்குப் போட்டுத்தர ஆள் இல்லை.

வட்டம் சுருங்குவதும் உண்டு. லிண்ட்பெர்க்கின் பிற்காலம் அதற்கு சாட்சி. 1938ல் கோயரிங் கையால் ஜெர்மன் அரசின் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். 1941 செப்டம்பர் 11ந் தேதி டெமாயின் நகரில் பேசும்போது, அமெரிக்காவை யுத்தத்துக்குத் தள்ளுகிறவர்கள் என்று பிரிட்டிஷாரையும் ரூஸ்வெல்ட் அரசையும் யூதர்களையும் குறிப்பிட்டார். சொந்த நாட்டு யூதர்கள் அவருடைய பன்மைக்கு வெளியே போய்விட்டார்கள். யுத்தம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. என் கேள்வி அதைப் பற்றியது அல்ல. ஒரு முழு இரவு மேகத்துக்குள் தன் உடம்பின் உணர்வைச் சந்தேகித்து முள்ளை நம்பிய மனிதர், தரையில் இறங்கிப் பதினான்கு வருஷம் கழித்து, தன் சாய்வே நேர் என்று நம்பிவிட்டார். அந்தக் கருவி மேகத்துக்கு மட்டும்தான் உதவும் போலும். அவரைத் தனி மனிதன், ஒப்பற்றவன் என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நீ ஒருவனே செய்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்பவனுக்கு, நீ ஒருவனே சரி என்பது அடுத்த படி.

இது தூர தேசத்து விஷயம் அல்ல. 2021 டிசம்பர் 8ந் தேதி, சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்த விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூருக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான் குன்னூர். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட பதினான்கு பேரும் இறந்தார்கள். கடைசியில் இறந்தவர் ஒரு வாரம் போராடினார். எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையுணர்வு பிறழ்ந்து, இயந்திரக் கோளாறு ஏதுமின்றியே வண்டி மலையில் மோதியது என்று அடுத்த மாதம் விசாரணைக் குழு சொன்னது. மேலே நான் எழுதிய காதின் கதைதான். 2024 டிசம்பரில் வெளிவந்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் விபத்துக்களின் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் இந்த விபத்துக்கு நேரே, காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருப்பது: மனிதத் தவறு, விமானக் குழுவினர்.

இந்த முடிவு தவறு என்று வாதாட எனக்குத் தகுதி இல்லை. என் கவனம் அந்தக் கட்டத்தின் அகலத்தின் மேல் இருக்கிறது. இரண்டு மூன்று சொற்களுக்குத்தான் அதில் இடம். மேகம் அதில் அடங்காது, மலை அடங்காது, மனிதக் காதின் அமைப்பு அடங்காது. லிண்ட்பெர்க்கைப் பற்றிய பரிசுப் பத்திரத்திலும் அதே அகலத்தில்தான் ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘தனியாக’ என்று எழுதினார்கள். புகழும்போது ஒருவனைத் தனியாக்குகிற பழக்கம் உள்ளவர்கள் பழிக்கும்போதும் தனியாக்குவார்கள். ஜெயித்தவனிடமிருந்து ஸான் டியேகோவின் தொழிலாளிகளைக் கழித்துவிட்ட அதே கை, விழுந்தவனிடமிருந்து மேகத்தைக் கழித்துவிடுகிறது. தனி வீரன் என்று கைதட்டுகிற ஒவ்வொரு தடவையும் நாம் ஒரு தனிக் குற்றவாளிக்கும் இடம் தயார் செய்துவைக்கிறோம்.

நஞ்சப்பசத்திரத்தில் தீயைப் பார்த்து முதலில் ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். தங்கள் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்தார்கள். கிடந்தவர்களை அவற்றில் வைத்துத் தூக்கினார்கள். விழுந்தது யார், தளபதியா சிப்பாயா என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. டிசம்பர் மாதக் குளிரில் அந்த ஊரில் போர்வை என்பது உபரி அல்ல. அபூகிரின் பிளக்கைப் பற்றி யோசிக்கிறபோதெல்லாம் எனக்கு இந்தப் போர்வைகளும் சேர்ந்தே ஞாபகம் வருகின்றன. கொடுத்தவர்கள் யாரும் அங்கே வட்டம் போட்டு அளந்துகொண்டிருக்கவில்லை.

அரவேணு டீக்கடையில் அந்தப் பெரியவருக்கு மனசு ஆறவில்லை. டிரைவர் ஏற்காத நன்றியை யாரிடமாவது சேர்த்தாக வேண்டுமே என்று கண்டக்டர் பக்கம் திரும்பினார். ‘அப்ப நீங்கதாங்க காப்பாத்துனீங்க.’ கண்டக்டர் டம்ளரை வைத்துவிட்டு டார்ச்சைத் தட்டிப் பார்த்தார். வெளிச்சம் மங்கியிருந்தது. ‘இன்னும் ஊர் வரலீங்க’ என்றார். ‘யாராச்சும் பேட்டரி வெச்சிருக்கீங்களா?’